நிறைகல் திறமையான வரலாறு

‘டேலண்ட்’ என்னும் ஆங்கிலச் சொல்லை அறியாத தமிழர் இன்று அரியர். பள்ளி ஆண்டு விழாவில் ஆடிய பேத்தியைப் பாராட்டும் பாட்டி முதல், வேலை தேடுவோரின் விண்ணப்பங்களைப் புரட்டும் அலுவலர் வரை பலர் நாவிலும் அது புழங்குகிறது. இதே மக்கள் ஞாயிறு திருப்பலியில் மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரம் வாசிக்கப்படும்போது ‘தாலந்து’ என்னும் சொல்லையும் கேட்கிறார்கள். இரண்டும் ஒரே சொல்தான். ஒன்று கிரேக்க ஒலியைத் தழுவி நம் விவிலியத்தில் ஏறி அமர்ந்தது. மற்றொன்று இலத்தீன், பிரெஞ்சு, ஆங்கிலம் என்று நாடு சுற்றி, கல்விக்கூடத்தின் வழியாக நம் வீட்டுக்குள் நுழைந்தது. ஒரு வயிற்றில் பிறந்து, பிரிந்து வளர்ந்து, ஒரே தெருவில் குடியேறிய பின்னும் ஒருவரையொருவர் அடையாளம் காணாத உடன்பிறப்புகளைப் போல் அவை நம்மிடையே வாழ்கின்றன.

நற்செய்தியில் வரும் தாலந்து வெள்ளிப் பணம். அன்றாடப் பேச்சில் வரும் டேலண்ட் பிறவித் திறமை. வெள்ளி எவ்வாறு திறமையாயிற்று? இதற்கு விடை தேடப் புகுந்தால், ஒரு சொல்லின் வரலாற்றோடு, மனிதன் தன்னைத்தான் எவ்வாறு மதிப்பிட்டுக் கொண்டான் என்னும் வரலாறும் கூடவே வருகிறது.

கிரேக்க மொழியில் ‘தாலந்தோன்’ என்பதற்கு முதற்பொருள் தராசு. ஹோமரின் ‘இலியத்’ காவியத்தில் அக்கிலீசு, ஹெக்டர் இருவருள் எவருக்குச் சாவு என்பதை அறிய, வானவர் தலைவன் சீயுசு பொற்றராசு ஒன்றைத் தூக்கிப் பார்க்கிறான். அத்தராசைக் குறிக்க ஹோமர் ஆள்வது இச்சொல்லையே. தராசில் வைக்கப்படும் நிறையும், பிறகு அந்நிறையுள்ள பொன்னும் வெள்ளியும் அப்பெயரையே பெற்றன. தாங்குதல், சுமத்தல் என்னும் பொருளுடைய வேரிலிருந்து இது கிளைத்தது என்பர் மொழிநூலார். அதே வேரிலிருந்து வந்ததே வடமொழியின் ‘துலா’. நாம் துலாக்கோல் என்றும் துலாம் என்றும் வழங்குவது அதைத்தான். துலாம் என்பதும் தராசுக்குப் பெயர். 100 பலம் கொண்ட நிறைக்கும் பெயர். ஆகவே நம் சந்தையில் ஒரு காலத்தில் புளியும் வெல்லமும் நிறுத்த துலாமும், நற்செய்தியின் தாலந்தும் தொலைதூர உறவினர் எனலாம். பாபிலோனியரும் 60 மினா கொண்ட தங்கள் பெரிய நிறைக்குச் ‘சுமை’ என்று பொருள்படும் சொல்லையே இட்டிருந்தனர். ஓர் ஆள் தூக்கக்கூடிய பாரம் என்பதே இதன் உட்பொருள்.

சுமைதான், ஆனால் எத்தகைய சுமை! ஏதென்ஸ் நகரத்தார் வழங்கிய தாலந்து சுமார் 26 கிலோ எடையுள்ளது. அந்த அளவு வெள்ளியின் மதிப்பு 6000 திராக்மா. திராக்மாவுக்கு இணையான உரோமை நாணயமாகிய தெனாரியம், திராட்சைத் தோட்ட வேலையாளுக்கு ஒரு நாள் கூலி என்பதை அதே மத்தேயு 20ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். ஆண்டுக்கு 300 நாள் வேலை கிடைத்தது என்று கொண்டால், ஒரு தாலந்து என்பது ஏறத்தாழ 20 ஆண்டுக் கூலி. ஐந்து தாலந்தோ 100 ஆண்டுக் கூலி. கூலியாள் ஒருவன் தன் வாழ்நாளில் ஒருங்கே காண இயலாத தொகை அது. உவமையைக் கேட்கும் நம் உள்ளம் மூன்றாம் ஊழியன்பால் சற்று இரங்குவது இயல்பே. “பாவம், அவனுக்கு ஒன்றுதானே கொடுத்தார்கள்” என்று எண்ணுகிறோம். அந்த ‘ஒன்றுதானே’ ஒரு பெருஞ்செல்வம். லூக்கா இதையொத்த உவமையைச் சொல்லும்போது தாலந்தின் 60இல் ஒரு பங்காகிய மினாவையே குறிப்பிடுகிறார். அங்கே பத்துப் பேருக்கும் ஆளுக்கொன்று என்பதால் ஏற்றத்தாழ்வும் இல்லை. உலக மொழிகளில் வேரூன்றியது மத்தேயுவின் தாலந்து. லூக்காவின் மினா அகராதியோடு நின்றுவிட்டது.

மூன்றாம் ஊழியன் நிலத்தில் குழி தோண்டிப் பணத்தைப் புதைத்ததும் அக்காலத்தார் கண்ணுக்கு மூடத்தனமாகத் தோன்றியிராது. பணத்துக்கு மண்ணே காவல் என்பது யூத அறிஞர் சாமுவேலின் தீர்ப்பாகத் தல்மூதில் பதிவாகியுள்ளது. சாக்கடல் அருகே கும்ரான் குகையொன்றில் 1952ஆம் ஆண்டு கண்டெடுக்கப்பட்ட செப்புச் சுருள், எந்தப் படிக்கட்டின் கீழ், எந்தத் தொட்டியின் அடியில் எத்தனை தாலந்து வெள்ளியும் பொன்னும் புதைக்கப்பட்டுள்ளன என்று இடம் இடமாகப் பட்டியலிடுகிறது. புதைத்து வைப்பது ஊர் வழக்கம். அந்த வழக்கத்தைச் செய்தவன்தான் உவமையில் கண்டிக்கப்படுகிறான். கேட்டவர்களுக்கு அது சுருக்கென்று தைத்திருக்கும்.

நற்செய்தியில் இன்னொரு குறிப்பும் உண்டு. விரைவாக வாசிப்போர் அதைக் கடந்து போய்விடுவர். தலைவர் ஐந்து, இரண்டு, ஒன்று என்று பகிர்ந்தளித்தது எந்த அளவுகோலின்படி? அவரவரது ஆற்றலுக்குத் தக்கபடி என்கிறார் மத்தேயு. ஆற்றலுக்கு அவர் இடும் கிரேக்கச் சொல் வேறு, தாலந்து வேறு. அதாவது உவமைக்குள் ஊழியனின் திறமை ஒன்று, அவனிடம் ஒப்படைக்கப்பட்ட தாலந்து மற்றொன்று. திறமை அவனோடு இருந்தது, தாலந்தோ தலைவருடையது. வந்து கணக்குக் கேட்கும் உரிமையும் அவருடையது. பிற்காலம் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துவிட்டது. அந்தக் குழைவில்தான் இன்றைய ஆங்கிலச் சொல் பிறந்தது.

குழைத்தவர்கள் முதலில் மறையுரையாளர்களே. 407இல் மறைந்த புனித யோவான் கிறிசோஸ்தோம், தாலந்து என்பது பணம் மட்டும் அன்று, பிறருக்குத் துணைநிற்கும் வலிமை, கற்பிக்கும் வன்மை என ஒவ்வொருவரிடமும் உள்ள எந்த ஆற்றலும் தாலந்தே என்று விளக்கினார். 590 முதல் 604 வரை திருத்தந்தையாக விளங்கிய பெரிய கிரகோரியார் இன்னும் நுணுக்கமாகச் சென்றார். ஐந்து தாலந்து ஐம்புலன்கள் என்று அவர் சொன்னதைப் பலரும் எடுத்தாள்வர். நமக்கு அதைவிட வியப்பளிப்பது அம்மறையுரையின் இறுதிப் பகுதி. தாலந்து ஏதும் பெறவில்லை என்று எவரும் சொல்ல முடியாது என்கிறார் அவர். அறிவு பெற்றவனுக்கு அது தாலந்து. செல்வம் பெற்றவனுக்கு அது தாலந்து. அறிவும் செல்வமும் இன்றிக் கைத்தொழில் மட்டும் கற்றவனுக்கு அத்தொழிலே தாலந்து. இவற்றில் ஒன்றும் இல்லாதவனுக்குச் செல்வர் ஒருவரின் பழக்கமாவது இருக்கலாம். அப்படியானால் அந்தப் பழக்கமே அவனுடைய தாலந்து. ஏழைக்காக அச்செல்வரிடம் பரிந்து பேசவில்லையெனில் அதற்கும் அவன் கணக்குக் கொடுக்க வேண்டும்! நாம் ‘சிபாரிசு’ என்று சொல்லி முகம் சுளிக்கும் ஒன்றையும் கிரகோரியார் தராசில் ஏற்றிவிட்டார். தன் உறவினனுக்காகச் செய்வதை அவர் சொல்லவில்லை, வழியற்றவனுக்காகச் செய்வதைச் சொன்னார் என்பதை மறக்கலாகாது.

இதே கிரகோரியார் அனுப்பிய துறவியர்தாம் 597இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் கால்வைத்து, ஆங்கிலோ சாக்சானியருக்கு நற்செய்தியை அறிவித்தனர். ஆயினும் தாலந்து என்னும் சொல் அங்கே உடனே பொருள் மாறிவிடவில்லை. பத்தாம் நூற்றாண்டையொட்டிப் பழைய ஆங்கிலத்தில் நற்செய்திகளைப் பெயர்த்தவர்கள் இவ்வுவமையில் ‘பவுண்டு’ என்றே எழுதினர். நிறைக்கும் பணத்துக்கும் பொதுவான நாட்டுச் சொல் கையிலிருக்க, அயற்சொல் எதற்கு என்று நினைத்தார்கள் போலும். நல்ல மொழிபெயர்ப்பாளர்கள்!

இடைக்காலத்தில் இச்சொல் பக்கவழி ஒன்றில் இறங்கிச் சென்றது. தராசின் தட்டு ஒரு பக்கமாகச் சாய்வதைப் பார்த்தவர்கள், மனத்தின் சாய்வுக்கும் அப்பெயரை இட்டனர். இடைக்கால இலத்தீனிலும் பழைய பிரெஞ்சிலும் ‘தாலந்து’ என்றால் விருப்பம், நாட்டம், ஆசை. தாந்தே தம் ‘இன்ஃபெர்னோ’ காவியத்தின் ஐந்தாம் காண்டத்தில், அறிவை இச்சைக்கு அடிமையாக்கியோரைப் பற்றிப் பேசும்போது இச்சைக்கு இச்சொல்லையே ஆள்கிறார். இசுபானியத்தில் இன்றும் ‘தலாந்தே’ என்பது மனப்போக்கு. ‘தலேந்தோ’ என்பது திறமை. பிரிந்த பொருளுக்கேற்பச் சொல்லும் இரண்டாகப் பிரிந்தது அங்கே. ஆங்கிலத்திலும் 13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி நுழைந்த டேலண்ட் முதலில் இந்த மனச்சாய்வையே குறித்தது. தீய எண்ணத்துக்கு ‘மால்டேலண்ட்’ என்ற சொல்லும் இருந்து வழக்கொழிந்தது. திறமை என்னும் பொருள் தலைகாட்டுவது 15ஆம் நூற்றாண்டில்தான். தலைமுறை தலைமுறையாக மறையுரைகளில் ஒலித்த உவமையின் விளக்கமே அதற்கு ஊற்று. 1526இல் டிண்டேலும், 1611இல் ஜேம்ஸ் மன்னர் பதிப்பினரும் மத்தேயுவின் சொல்லை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தபோது, நற்செய்தியின் பணமும் மக்கள் பேச்சின் திறமையும் ஒரே எழுத்துகளில் எதிரெதிரே நின்றன.

அந்த இரட்டைப் பொருளின் வலியை அனுபவித்தவர் மில்டன். 1652ஐ ஒட்டி அவர் முற்றிலும் பார்வை இழந்தார். பார்வையிழப்பைக் குறித்து அவர் எழுதிய பதினான்கு அடிப் பாடல் 1673இல் அச்சேறியது. எழுதும் ஆற்றல் உள்ளே இருக்க, கண்ணில்லாமல் அதைப் பயன்படுத்த இயலாமல் போனால், தாமும் புதைத்தவன்தானா என்பதே அவரை அரித்த கேள்வி. ‘டேலண்ட்’ என்று அவர் எழுதும்போது அதில் ஊழியனின் வெள்ளியும் இருக்கிறது, கவிஞனின் ஆற்றலும் இருக்கிறது. தம்முடைய ஆற்றல் தமக்குச் சொந்தமானது என்ற நினைவே அவருக்கு இல்லை. கணக்குக் கேட்பவர் வருவார் என்ற நினைவுதான்.

அடுத்த நூற்றாண்டில் அகராதி செய்த சாமுவேல் ஜான்சனிடமும் அதே அச்சம் குடியிருந்தது. 1755இல் வெளிவந்த அவரது பேரகராதி இச்சொல்லுக்கு மூன்று பொருள் தருகிறது. முதலாவது எடையும் பணமும். இரண்டாவது இயற்கையின் கொடையாகிய ஆற்றல். இது திருநூலின் தாலந்திலிருந்து எடுத்த உருவகம் என்று அவர் தெளிவாகவே குறித்து வைத்தார். மூன்றாவது ஒருவரது இயல்பு, தன்மை. அது தவறான வழக்கு என்று சினந்து ஒதுக்கினார். பழைய ‘மனச்சாய்வு’ப் பொருளின் எச்சம் அது என்பது இன்று நமக்குத் தெரிகிறது. ஆயினும் அகராதிக்காரரின் சினம் மொழிநூலாருக்கு ஒரு செல்வம். அவர் எதைக் கண்டித்தாரோ அது அன்று மக்களிடையே உயிரோடிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

ஜான்சனுக்குப் பின் உருவகம் என்ற நினைவு மெல்ல மங்கிற்று. 1806 பிப்ரவரியில் கிரென்வில் பிரபு அமைத்த அமைச்சரவைக்கு ‘எல்லாத் திறமைகளின் அமைச்சரவை’ என்று பெயர் வந்தது. பாராட்டும் கேலியும் கலந்த பெயர். ஓராண்டு சற்றே கடந்து 1807 மார்ச்சில் அது கவிழ்ந்தது. அதே மாதத்தில்தான் அடிமை வணிகத்தை ஒழிக்கும் சட்டம் அரச ஒப்புதல் பெற்றது. அவ்வமைச்சரவையின் அழியாப் புகழ் அது. கவிழ்ந்ததற்குக் காரணமோ, கத்தோலிக்கர் படைத்துறையில் உயர் பதவி வகிக்க வழிசெய்யும் மசோதாவை மூன்றாம் ஜார்ஜ் மன்னர் ஏற்க மறுத்ததாகும். எல்லாத் திறமைகளும் கூடியிருந்த அவையால் கத்தோலிக்கர் ஒருவரைப் படைத்தலைவராக்க இயலவில்லை.

அடுத்து, திறமை ‘உடையவர்’ என்னும் பொருளில் ‘டேலண்டட்’ என்ற சொல் செய்தித்தாள்களில் பரவியது. 17ஆம் நூற்றாண்டிலேயே அரிதாகத் தென்பட்ட சொல்தான் அது. ஆனாலும் கவிஞர் கோலரிட்ஜுக்கு 1832இல் அது காதில் ஈயமாய் இறங்கிற்று. தாலந்து என்னும் பணத்திலிருந்து இப்படியொரு சொல்லை உண்டாக்கலாமென்றால், ஷில்லிங்கிலிருந்தும் காலணாவிலிருந்தும் உண்டாக்குவதற்கென்ன தடை என்று கேட்டார். இந்தக் கொச்சை அமெரிக்காவிலிருந்து வந்தது என்பது அவர் எண்ணம். அவருடைய இளைய நண்பர் ஸ்டெர்லிங், அயர்லாந்துக் கத்தோலிக்கரின் தலைவர் டேனியல் ஓ'கானல்மீது பழியைப் போட்டார். பிடிக்காத சொல்லுக்குப் பிடிக்காத நாட்டில் தந்தையைத் தேடுவது எல்லா மொழியாருக்கும் உள்ள பழக்கம். கோலரிட்ஜின் எரிச்சலை நாம் வெறும் இலக்கணப் பிடிவாதமாகக் கொள்ளவில்லை. தாலந்து ஒரு நாணயம் என்பதை நினைவில் வைத்திருந்த கடைசித் தலைமுறையினருள் அவர் ஒருவர். ஒப்படைக்கப்பட்ட பணம் ஓர் ஆளின் குணமாக மாறுவதை அவர் காது கேட்டுவிட்டது.

குணமான பிறகு, அது குருதியாவதற்கு நெடுங்காலம் ஆகவில்லை. டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன் 1865இல் ‘மரபுவழித் திறமையும் குணமும்’ என்னும் தலைப்பில் கட்டுரை வரைந்தார். 1869இல் அதை நூலாக விரித்தார். நீதிபதிகள், அரசியலாளர், அறிவியலாளர் முதலானோரின் குடும்ப வரலாறுகளை ஆராய்ந்து, திறமை பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வழிவழியாக இறங்குவது என்றார். செல்வர் வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கும் கல்வியும் அறிமுகங்களும் எவ்வளவு என்பதை அவர் போதிய அளவு எடைபோடவில்லை. 1883இல் நல்லினப் பெருக்கம் பற்றிய தம் கொள்கைக்கு அவர் ‘யூஜெனிக்ஸ்’ என்று பெயர் சூட்டினார். அக்கொள்கை கடல் கடந்து சட்டமாயிற்று. அமெரிக்காவின் இந்தியானா மாநிலம் 1907இல், மனவளர்ச்சி குன்றியோர் எனக் கருதப்பட்டவர்களுக்குக் கட்டாயக் கருத்தடை செய்யச் சட்டம் இயற்றியது. வர்ஜீனியாவின் அத்தகைய சட்டத்தை 1927இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமே செல்லும் என்றது. உவமையில் வெறுங்கையோடு நின்ற ஊழியன் ஒருவனும் இல்லை. புதிய கணக்கிலோ, ஒன்றும் பெறாதவர்கள் என்று ஒரு கூட்டத்தாரே முத்திரை குத்தப்பட்டார்கள்.

அதே அமெரிக்காவில் எதிர்க்குரலும் எழுந்தது. கறுப்பின அறிஞர் டூ பாய்ஸ் 1903இல் ‘திறமைசாலிகளான பத்தில் ஒரு பங்கினர்’ என்னும் பொருளுடைய தலைப்பில் கட்டுரை எழுதினார். அச்சொற்றொடரை 1896இல் முதலில் ஆண்டவர் மோர்ஹவுஸ் என்ற பாப்திஸ்து சபைத் தலைவர். தம் இனத்தில் உயர்கல்வி பெறும் சிறுபான்மையினர் ஏனையோரைக் கைதூக்கி விடுவர் என்பது டூ பாய்ஸின் நம்பிக்கை. இங்கே தாலந்து மீண்டும் ஒப்படைக்கப்பட்ட பொருளாகிறது. ஆனால் 1948இல் அவரே தம் கருத்தைத் திருத்திக் கொண்டார். கல்வி பெற்றவன் தானாகவே தொண்டன் ஆகிவிடுவான் என்று கொண்டது பொருந்தாது, தன்னலத்துக்கும் அவன் விலைபோகக்கூடும் என்றார். 45 ஆண்டுகளுக்குப் பின் பழைய கட்டுரையைத் தராசில் ஏற்றிப் பார்க்கும் நேர்மை எழுத்தாளர்களிடம் அரிது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இச்சொல் இன்னும் ஒரு படி தாண்டியது. திரைப்படத் துறையினர் நடிகரையே டேலண்ட் என்று அழைத்தனர். வணிக உலகம் அதைப் பின்பற்றியது. 1997இல் மெக்கின்சி என்னும் ஆலோசனை நிறுவனத்தார் ‘திறமைக்கான போர்’ என்ற தொடரை உருவாக்கினர். 2001இல் அது நூலாயிற்று. பிறவித் திறமைசாலிகளைத் தேடிப் பிடித்து, அள்ளிக் கொடுத்து, தடையின்றி விடவேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் கொள்கைக்கு எடுத்துக்காட்டாகப் போற்றப்பட்ட என்ரான் நிறுவனம் அதே 2001 டிசம்பரில் திவாலாயிற்று. சொல் மட்டும் திவாலாகவில்லை. இன்று சென்னையின் கணினி நிறுவனங்களிலும் ஆளெடுக்கும் பிரிவுக்கு ‘டேலண்ட் அக்விசிஷன்’ என்றே பெயர்ப்பலகை. ‘திறமையைக் கைக்கொள்ளுதல்’ என்று அதைத் தமிழாக்கலாம். கைக்கொள்ளப்படுவது யார்? நம் வீட்டுப் பிள்ளைதான். உவமையில் தாலந்து தலைவருடையது, ஊழியன் அதைக் காப்பவன். இன்றைய வழக்கில் ஊழியனே தாலந்து. வாங்கவும், பெருக்கவும், இலாபம் குறைந்தால் கழித்துவிடவும் தக்க வெள்ளியாக ஆளே மாறிவிட்டான். நிறையிலிருந்து பணம், பணத்திலிருந்து ஆற்றல், ஆற்றலிலிருந்து ஆள் என்று நடந்த சொல், ஆளைப் பணமாக்கித் தன் வட்டத்தை முடித்துக்கொண்டது போலிருக்கிறது.

அறிவுலகமும் இவ்வுவமையை விடவில்லை. உள்ளவனுக்கு மேலும் கொடுக்கப்படும் என்று உவமையின் முடிவில் வரும் கடுமொழியைக் கொண்டு, சமூகவியலார் இராபர்ட் மெர்டன் 1968இல் ‘மத்தேயு விளைவு’ என்று ஒன்றை வகுத்தார். இரு அறிவியலாளர் ஒரே தரமான பணியைச் செய்தாலும், ஏற்கெனவே பெயர் பெற்றவருக்கே பாராட்டு சேரும் என்பது அது. நம் பள்ளிக்கூடங்களில் இதைக் காண மெர்டன் தேவையில்லை. முதல் வகுப்பில் ‘கெட்டிக்காரன்’ என்று பெயரெடுத்தவனே ஆண்டுதோறும் மேடை ஏறுகிறான்; கடைசி வரிசைக்காரி வாய் திறந்து பாடியதை எவரும் கேட்டதில்லை. ‘டேலண்ட் இல்லாத பிள்ளை’ என்று தாயே சொல்லும்போது, அக்குழந்தையின் பக்கத்தில் பெரிய கிரகோரியார் நின்றிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று எண்ணிப் பார்க்கிறோம். ஆங்கிலப் பெயரில் ‘டேலண்ட்’ தேடும் அரசுத் தேர்வு, தமிழில் ‘திறனாய்வுத் தேர்வு’ ஆகிறது. ஆய்வது என்னவோ நல்லதே. தமிழில் ‘கொடுப்பினை’ என்று ஓர் அழகிய சொல் உண்டு. தனக்குக் கொடுத்து வைத்தது என்று பொருள். பேறு, நற்பேறு என்ற அளவில் அதை நாம் சுருக்கிவிட்டோம். கொடுத்தவர் ஒருவர் உண்டு என்னும் குறிப்பை ஆங்கிலச் சொல் இழந்துவிட்ட பின்னும் நம் சொல் இழக்கவில்லை.

ஜான்சனைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்று எஞ்சியிருக்கிறது. மிகுதியாகப் பெற்றவரிடம் மிகுதியாகக் கேட்கப்படும் என்னும் லூக்கா நற்செய்தியின் எச்சரிக்கை அவர் மனத்தில் ஓயாமல் ஒலித்தது என்று அவருடைய வாழ்க்கையை எழுதிய பாஸ்வெல் குறிப்பிடுகிறார். ஐந்து தாலந்து பெற்றவன் தான், சோம்பலால் அதை வீணடித்தேன் என்பதே அம்மேதையின் தீராத கலக்கம். அவருடைய இலண்டன் இல்லத்தில் பல்லாண்டு தங்கியிருந்தவர் இராபர்ட் லெவெட். பாரிசு நகரக் காப்பிக் கடை ஒன்றில் பணியாளராக இருந்தபோது, அங்கு வந்து போன பிரெஞ்சு அறுவை மருத்துவர்கள் தங்களுக்குள் பணம் சேர்த்து அவருக்கு மருத்துவப் பாடம் கேட்க வழிசெய்தார்கள். பட்டம் ஏதும் கிடையாது. பேச்சில் நயம் இல்லை, தோற்றமும் எடுப்பானதன்று. காலையில் ஜான்சனோடு தேநீர் அருந்திவிட்டு, நகரின் ஏழைக் குடியிருப்புகளுக்கு நடந்தே போவார். கூலிக்காரர்களும் கைவினைஞர்களும் அவருடைய நோயாளிகள். காசு கொடுக்க முடியாதவர்கள் சில வேளை ஒரு கோப்பை மதுவை நீட்டுவார்கள். ஏதும் பெறாமல் திரும்புவதைவிட அதுவாவது கூலியாகட்டும் என்று பருகிவிடுவார். சிக்கன புத்தியால் போதையேறிய மனிதர் உலகில் இவர் ஒருவராகத்தான் இருப்பார் என்று ஜான்சன் சிரிப்பார்.

1782 ஜனவரியில் லெவெட் திடீரென்று இறந்தார். அப்போது அவருக்கு வயது எழுபதுக்கு மேல். நோயாளிகளைப் பார்ப்பதை அதுவரை அவர் நிறுத்தவில்லை. 72 வயதாகியிருந்த ஜான்சன் அவருக்காக இரங்கற்பா ஒன்று எழுதினார். அது 1783இல் அச்சேறியது. ‘டேலண்ட்’ என்னும் சொல்லை எடையென்றும் ஆற்றலென்றும் வகுத்துக் கொடுத்த அதே கை, அப்பாடலின் ஓரிடத்தில் அச்சொல்லை மீண்டும் எழுதியது. லெவெட்டை அது ஒரேயொரு தாலந்து பெற்ற ஊழியனின் இடத்தில் நிறுத்துகிறது. ஆனால் அந்த ஊழியன் இம்முறை குழி தோண்டவில்லை.